54 ஸ்டிக்கர்கள்

முதலில் ஒரு வாக்குமூலம். 1991-ல் நான் ஒரு மோசடி செய்தேன். அப்போது எனக்குப் பதினோரு வயசு. தடயம் இல்லை, சாட்சி இல்லை. அதனால் முப்பது வருஷத்துக்கு மேல் நிம்மதியாக இருந்தேன். போன வருஷம் மாட்டிக்கொண்டேன். பிடித்தது ஏழாவது படிக்கும் என் மகள்.

விஷயம் பெரிசாக ஒன்றுமில்லை. ஒரு ரூபிக்ஸ் க்யூப்.

அம்மாவின் தம்பி சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தார். கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், டாங் டப்பா வரிசையில் கடைசியாக அவர் பெட்டியிலிருந்து அந்தக் கலர் டப்பா வெளியே வந்தது. திருச்சியில் எங்கள் தெருவில் அதுவரைக்கும் யாரும் அதைக் கையில் பிடித்ததில்லை. மாமா அதைச் சரசரவென்று திருகிக் கலைத்து என்னிடம் நீட்டினார்.

"டேய் மாப்ளே, நான் கிளம்பறதுக்குள்ள ஆறு பக்கமும் சேர்த்துக் காட்டு. இந்த வாட்ச் உனக்கு."

கறுப்பு ஸ்ட்ராப் போட்ட கேசியோ டிஜிட்டல் வாட்ச். பட்டனை அழுத்தினால் உள்ளே விளக்கு எரியும். எங்கள் வகுப்பில் அப்படி ஒன்று யாரிடமும் கிடையாது.

பத்து நாள் டைம். ஒன்பதாம் நாள் ராத்திரி வரைக்கும் ஒரே ஒரு பக்கம்தான் சேர்ந்திருந்தது. இன்னொரு பக்கத்தைத் தொட்டால் சேர்த்தது கலைந்துவிடும். எல்லோரும் தூங்கினதும் அப்பாவின் பழைய ஷேவிங் பிளேடை எடுத்துக்கொண்டு அடுப்படி விளக்கில் உட்கார்ந்தேன். மொத்தம் 54 ஸ்டிக்கர். நடுக்கட்டம் ஆறையும் தொட வேண்டாம். சேர்ந்திருந்த பக்கத்தில் மீதி எட்டையும் தொட வேண்டாம். பாக்கி 40. ஒவ்வொன்றாக நுனியில் நெம்பி, உரித்து, கலர் வாரியாகத் தரையில் வைத்து, திரும்ப ஒட்டினேன். முடிக்கும்போது மணி ரெண்டு. அந்த வயசில் நான் அவ்வளவு கவனமாக வேறெந்த வேலையும் செய்ததில்லை.

காலையில் மாமா பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே வாட்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. அப்பாவால் முடியவில்லை. அவர் பெரிய கடைவீதியில் ஒரு இரும்புக் கடையில் கணக்குப்பிள்ளை. க்யூபை ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். முதலாளி பார்த்துவிட்டு எனக்குப் பத்து ரூபாய் கொடுத்தனுப்பினார். சாயங்காலம் அது ஷோகேஸில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. வருகிற போகிறவர்கள் கையை நீட்டினால் அப்பா பதறுவார். "தொடாதீங்க, கலைஞ்சிடும். தம்பி சேர்த்தது."

இப்போது கேள்விக்கு வருகிறேன். யாருக்கு என்ன நஷ்டம்?

விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆறு பக்கமும் ஒரே கலராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இருந்தது. ஒருத்தன் ஒரு மாசம் மண்டையை உடைத்துச் சேர்த்த க்யூபையும் நான் பிளேடால் சேர்த்த க்யூபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. இதைக் கண்டுபிடித்த எர்னோ ரூபிக்காலேயே முடியாது.

ரூபிக் கதை தெரியும்தானே? ஹங்கேரிக்காரர். 1974-ல் புடாபெஸ்டில் டிசைன் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். தனித்தனித் துண்டுகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டே எல்லாத் திசையிலும் சுழல வேண்டும், ஆனால் கழன்று விழக்கூடாது. எப்படி என்று மரக்கட்டையை வைத்துச் செய்து பார்த்தார். சுழன்றது. பக்கத்துக்கு ஒரு கலர் கொடுத்தார். நாலு திருகு திருகினார். திரும்பப் பழையபடி கொண்டுவரப் பார்த்தபோதுதான் தான் என்ன செய்துவைத்திருக்கிறோம் என்பதே மனுஷருக்குப் புரிந்தது. சேர்க்க ஏறக்குறைய ஒரு மாசம் ஆச்சு. அதற்கு வழி இருக்கிறதா இல்லையா என்பதுகூட அப்போது அவருக்குத் தெரியாது. உலகத்திலேயே யாருக்கும் தெரியாது. அந்த ஒரு மாசத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமையாக இருக்கும்.

கலைந்த நிலைகள் எத்தனை என்றால், 43 எழுதி அதற்கு அப்புறம் இன்னும் 18 இலக்கம் எழுத வேண்டும். விநாடிக்கு ஒன்றாகப் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப்போல் சுமார் நூறு மடங்கு நேரம் பிடிக்கும். இதில் எந்த நிலையில் இருந்தாலும் அதிகபட்சம் இருபதே திருகலில் சேர்த்துவிடலாம் என்று 2010-ல் கம்ப்யூட்டரை வைத்து நிரூபித்துவிட்டார்கள். எந்த இருபது என்பதுதான் பிரச்னை.

இதில் ஒரு வினோதம். க்யூபைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்தபடி திரும்ப மாட்டினீர்கள் என்று வையுங்கள். பன்னிரண்டில் ஒரு தடவைதான் அது சேர்க்க முடிகிற க்யூபாக இருக்கும். மற்ற பதினொரு தடவையும் ஆயுசுக்கும் திருகினாலும் சேராது. ஒரே ஒரு மூலைத்துண்டு இடத்திலேயே முறுக்கிக்கொண்டால் போதும், கதை முடிந்தது. ஆனால் என்னைப்போல ஆறு பக்கமும் முழுசாகச் சேர்கிற மாதிரி ஒட்டிவிட்டால்? அது கச்சிதமான க்யூப். அப்புறம் எப்படிக் கலைத்தாலும் ஒழுங்காகச் சேர்க்கலாம். அதாவது, அரைகுறையாக ஏமாற்றினால் கணிதம் காட்டிக்கொடுக்கும். முழுசாக ஏமாற்றினால் கணிதமே கண்டுகொள்ளாது.

இந்த இடத்தில் என்னுடைய பி.காம் தலையை நீட்டுகிறது, மன்னிக்கவும். முதல் வருஷம் ட்ரையல் பேலன்ஸ் என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். ரெண்டும் டேலி ஆக வேண்டும். ஆகாவிட்டால் வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு, பிழையைத் தேடிப் பிடித்துத் திருத்தப் பதிவு போட வேண்டும். அடுத்த பாடத்திலேயே குண்டைப் போடுவார்கள்: டேலி ஆவதால் மட்டும் கணக்கு சரி என்று ஆகாது. ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டியிருக்கலாம். எழுத வேண்டியதை எழுதாமலே விட்டிருக்கலாம். பரீட்சைக்கு இதை நான் உருப்போட்டேன். அர்த்தம் புரிந்தது 2009 ஜனவரியில். பத்திரிகையில் பிசினஸ் பக்கத்தில் இருந்தேன். சத்யம் நிறுவனத்தின் தலைவர் எழுதிய கடிதம் வந்தது. இருப்பதாகக் காட்டியிருந்த ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. ஆனால் அத்தனை வருஷமும் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகியிருந்தது. ஆறு பக்கமும் ஒரே கலர்!

ஆனால் அங்கே நஷ்டம் யாருக்கு என்று பட்டியல் போட முடியும். ஷேர் வாங்கினவர், சம்பளக்காரர், கடன் கொடுத்தவர். என் கதையில் ஒரு வாட்ச். அதுவும் மாமா மனசாரக் கொடுத்தது. பதினோரு வயசுப் பையன் செய்த குறும்பை சத்யத்தோடு சேர்த்துப் பேசுவது கொஞ்சம் ஓவர் என்று எனக்கே தோன்றும். தோன்றும்போதெல்லாம் சந்தோஷமாக விட்டுவிடுவேன்.

முப்பத்தெட்டாவது வயசில் ஒரு வீடியோவைப் பார்த்து நிஜமாகவே க்யூபைச் சேர்க்கக் கற்றுக்கொண்டேன். பரிகாரம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இந்த மாதிரிப் பித்துகள் உண்டு. பழைய கால்குலேட்டர்கள், கழற்றிப்போட்ட டேப் ரெக்கார்டர், உள்நாட்டு வெளிநாட்டுப் புதிர்ப் பெட்டிகள். மனைவி அந்த அலமாரிக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. முதல் நாள் நாலு நிமிஷத்தில் சேர்த்தேன். கை நடுங்கியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அப்பா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

இப்போது என் டைம் ஒரு நிமிஷம் பத்து விநாடி. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. மகள் பதினெட்டு விநாடி. பக்கத்தில் உட்கார்ந்து அவள் சேர்ப்பதைப் பார்த்தால் எனக்குக் கண் கட்டும். அவளைப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. ஏதாவது ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடக்கும். பேச்சுச் சத்தமே இருக்காது. நூறு பிள்ளைகளின் கையில் பிளாஸ்டிக் உருளும் சத்தம் மட்டும், தகரக் கூரையில் தூறல் மாதிரி. க்யூபைப் பார்த்து யோசிக்கப் பதினைந்து விநாடி. அப்புறம் டைமர். 1982-ல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் ஜெயித்தவர் எடுத்துக்கொண்டது 22.95 விநாடி. அன்றைக்கு என் மகள் போயிருந்தால் கோப்பை எங்கள் வீட்டில் இருந்திருக்கும். 2023-ல் மேக்ஸ் பார்க் என்ற அமெரிக்க இளைஞர் 3.13 விநாடிக்குக் கொண்டுவந்தார். அதுவும் அப்புறம் உடைந்துபோனது. 2025-ல் பர்டூ பல்கலைக்கழக மாணவர்கள் செய்த இயந்திரம் 0.103 விநாடியில் சேர்த்தது. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை.

இன்னொரு செய்தி. இப்போது வருகிற நல்ல க்யூப்களில் ஸ்டிக்கரே கிடையாது. பிளாஸ்டிக்கே அந்தந்தக் கலர். கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். என் காதில் அது ஏனோ என்னைக் குத்திக்காட்டுகிற மாதிரி விழுந்தது.

ஒருநாள் போட்டி முடிந்து ஆட்டோவில் வரும்போது மகளைச் சீண்டினேன். "நீ மட்டும் என்ன சொந்தமாவா சேர்க்கறே? எவனோ கண்டுபிடிச்ச ஃபார்முலா. ஆர், யூ, ஆர் ப்ரைம், யூ ப்ரைம்னு மந்திரம் மாதிரி உருப்போட்டு வெச்சிருக்கே. ரூபிக் பண்ணினது வேற. இது காப்பி."

வீம்புக்குக் கேட்டாலும் கேள்வி நியாயமானதுதான். 1981-லேயே இங்கிலாந்தில் பாட்ரிக் பாஸர்ட் என்ற பள்ளிக்கூடப் பையன் க்யூபைச் சேர்க்கும் வழியைப் புத்தகமாகப் போட்டான். பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. ரூபிக் ஒரு மாசம் பட்ட பாட்டை அத்தனை பேரும் புத்தகக் கடையில் காசு கொடுத்துத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் எல்லாம் சேர்த்தவர்களா, படித்தவர்களா? பிளேடுக்கும் புத்தகத்துக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டிலும் மண்டை வேலை வேறு யாருடையதோ, பலன் என்னுடையது.

மகள் கொஞ்சம் யோசித்தாள். "இல்லப்பா. ஒவ்வொரு மூவ்லயும் எது எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். நீங்க கேட்டா உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். சொல்லிக்கொடுத்தேன்ல?"

கொடுத்தாள்தான். எனக்கு வராத கடைசி அடுக்கை அவள்தான் கற்றுக்கொடுத்தாள்.

அப்புறம் அவள் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தப் போட்டிகளில் குறைந்த திருகல் என்று ஒரு பிரிவு உண்டு. வேகம் முக்கியமில்லை. ஒரு மணி நேரம் டைம், பேப்பர், பேனா. யார் மிகக் குறைவான திருகலில் சேர்க்கும் வழியை எழுதிக்கொடுக்கிறார்களோ அவர் ஜெயித்தார். எல்லோரும் ஒரே மாதிரி கலைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், எப்படிக் கலைப்பது என்று முதலிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். இங்கேதான் ஓட்டை. அந்தக் கலைக்கிற வரிசையைக் கடைசியிலிருந்து அப்படியே தலைகீழாக எழுதினால் க்யூப் சேர்ந்துவிடுமே? சேரும். ஆனால் செல்லாது என்று விதியே போட்டிருக்கிறார்கள். கேட்டால், எழுதின ஒவ்வொரு திருகலுக்கும் ஏன் இது என்று போட்டியாளர் விளக்கம் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால், க்யூப் சேர்ந்தாலும் சேரவில்லை என்றுதான் கணக்கு.

விளையாட்டுச் சாமானுக்கு எழுதின விதிதான். ஆனாலும் முடிவு சரியாக இருந்தால் போதாது, அங்கே எப்படி வந்தாய் என்று சொல் என்று கேட்கிற இடங்கள் நம் ஊரில் எத்தனை இருக்கின்றன? நான் பார்த்த பரீட்சைகளில் இல்லை. வேலை பார்த்த ஆபீஸ்களிலும் இல்லை.

இனி அந்தப் பழைய க்யூப்.

போன வருஷம் அம்மாவைச் சென்னைக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம். திருச்சி வீட்டைக் காலி செய்யப் போனபோது ஷோகேஸில் அது இருந்தது. நான் தொட மாட்டேன். எப்போது ஊருக்குப் போனாலும் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மகள் பாய்ந்து எடுத்தாள். கலைந்திருந்தது. அது எனக்கே புதுச் செய்தி. இருக்கமாய் இருந்த அதைக் கஷ்டப்பட்டுத் திருக ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இது சேரவே சேராது."

"ஏன்?"

"இங்க பாருங்க. சிவப்பு நடுவுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஆரஞ்சு நடு. நடுக்கட்டம் நகராது. அப்ப ஒரே துண்டுல சிவப்பும் ஆரஞ்சும் இருக்கவே முடியாது. இதுல இருக்கு. யாரோ ஸ்டிக்கரை உரிச்சு மாத்தி ஒட்டியிருக்காங்க." எட்டி உற்றுப் பார்த்தாள். "நிறைய உரிச்சிருக்காங்க. ஓரமெல்லாம் பிளேடு கீறல்."

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அது உங்க தாத்தா ஒட்டினதும்மா. உதிர்ந்து உதிர்ந்து விழுந்திட்டிருந்திச்சு."

அப்பா 2006-ல் வேலையை விட்டார். கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. பேரேட்டில் எண்கள் சரியாகத் தெரியவில்லை என்று அவரே நின்றுகொண்டார். மத்தியானத்தில் தூங்கிப் பழக்கமில்லாதவர். ஒருநாள் ஷோகேஸைத் திறந்து அந்த க்யூபை எடுத்து, தானே கலைத்திருக்கிறார். தம்பி சேர்த்தான், நாமும் சேர்த்துப் பார்ப்போமே என்று. கலைக்கும்போதே ஸ்டிக்கர்கள் கழன்று விழ ஆரம்பித்தன. ஒரு தடவை உரித்து ஒட்டின பசை எத்தனை நாளைக்குத் தாங்கும்? விழுந்ததையெல்லாம் பொறுக்கி, இது இங்கேயிருந்துதான் விழுந்திருக்கும் என்று அனுமானத்தில் ஃபெவிகால் வைத்து ஒட்டியிருக்கிறார். ஏதோ ரெண்டு இடம் மாறிவிட்டது.

அம்மா ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கடைச் சிட்டை எழுதுகிற மாதிரி நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே பிள்ளையார் சுழி, தேதி. கீழே ரெண்டு பத்தி பிரித்து, "மேல் வலம் 1, பக்கம் இடம் 2" என்று அவருடைய சாய்ந்த கையெழுத்தில் திருகின கணக்கு. நடுவில் நாலு ஜெராக்ஸ் தாள். பக்கத்து வீட்டுப் பாலிடெக்னிக் பையன் நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்துத் தந்த சேர்க்கும் முறை. படம் பார்த்துப் படம் பார்த்து அவர் ஒழுங்காகத்தான் போயிருக்கிறார். முதல் அடுக்கு, ரெண்டாவது அடுக்கு, பக்கத்தில் பச்சை இங்க்கில் டிக். கடைசியில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. மொத்தம் 43 பக்கம். கடைசிப் பக்கத்தில் 2008 பிப்ரவரித் தேதி போட்டு இப்படி எழுதியிருந்தார்:

"இரண்டு கட்டம் இடிக்கிறது. பதிவிலேயே எங்கோ பிழை."

ரெண்டு பைசா இடித்தால் ராத்திரி பத்து மணி ஆனாலும் கடையை விட்டு வராத மனுஷர். இரண்டு கட்டத்தோடு ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருக்கிறார். யாருக்கு என்ன நஷ்டம் என்ற என் பழைய கேள்விக்கு 43 பக்கத்தில் பதில்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று. அந்த இரண்டு ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அது ஏமாற்றும் இல்லை. இடம் மாறினதை அதனதன் இடத்தில் வைப்பது, சுத்தமான திருத்தப் பதிவு. நான் பிளேடு பிடித்துச் செய்த அதே வேலைதான். நான் செய்தால் மோசடி, அவர் செய்திருந்தால் நேர்மை. அவரோ அதைச் செய்யவில்லை. ஸ்டிக்கரை உரிப்பது தப்பு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

சென்னைக்கு வந்ததும் மாமாவுக்குப் போன் போட்டேன். இப்போது அவர் புதுக்கோட்டையில் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது. சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன். "மாமா, அந்த கேசியோ வாட்ச்..." என்றதுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மாப்ளே. ஸ்டிக்கர் எல்லாம் கோணக்கா மாணக்கான்னு இருந்திச்சே. ஓரத்துல பிளேடு வேற இழுத்திருந்தே."

"அப்புறம் எதுக்கு வாட்ச் குடுத்தீங்க?"

"உங்கப்பா முகத்தைப் பார்த்தேன்டா. அத்தானை நான் அப்படிப் பார்த்ததே இல்ல. எப்படிச் சொல்றது?"

மாமா கண்ணுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. அப்பா அந்த ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, பின்பக்கம் ஃபெவிகால் தடவி ஒட்டினவர். கீறல் தெரியாமல் இருந்திருக்குமா? பதிவிலேயே பிழை என்று எழுதினாரே, எந்தப் பதிவைச் சொன்னார்? தான் ஒட்டினதையா, நான் ஒட்டினதையா? பச்சை இங்க்கில் டிக் போட்டிருக்கும் நோட்டை எத்தனை தடவை புரட்டினாலும் அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

மகள் ரெண்டு ஸ்டிக்கரையும் மாற்றி ஒட்டட்டுமா என்று கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

2007-ல் ஒரு சாயங்காலம் அப்பா ஆபீசுக்குப் போன் செய்தார். வழக்கமாக அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார். எடிஷன் மூடுகிற நேரம், எனக்குத் தலைக்கு மேல் வேலை. உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து எடுத்தேன். அதெல்லாம் இல்லை என்றார். "ஏம்ப்பா, அந்தக் கலர் டப்பாவை அன்னிக்கு நீ எப்படிச் சேர்த்தே? சும்மாதான் கேட்டேன். சொல்லேன்."

"எங்கப்பா ஞாபகம் இருக்கு? பதினாறு வருஷமாச்சு" என்றேன்.

"சரி, ஞாபகம் வந்தா சொல்லு" என்றார். உடனே வைத்துவிடவில்லை. கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தார். நான்தான் வைத்தேன்.